கண்ட்ரோல் இல்லாத பிள்ளை

ஆஸ்பத்திரிச் சோதனை அறை நாற்காலியில் தொங்கிய வாரைப் பார்த்ததுமே ஆஞ்சலாவுக்கு ரத்தம் கொதித்தது. மகள் ஜூடித்தை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

"கட்டிப் போடுறதுக்கா கூப்பிட்டீங்க? என் பொண்ணு என்ன பைத்தியமா?"

"ஐயோ, அது தலையில மாட்டுற தொப்பியோட வார்மா. ஸ்வல்ப உக்காருங்க" என்று பாதிக் கன்னடத்தில், கொஞ்சம் உட்காரச் சொன்னான் உதவியாளன் நாகேஷ். தொப்பி முழுக்க வயர்கள். பேசிக்கொண்டே ஜூடித்தின் மணிக்கட்டில் ஒரு பச்சைப் பட்டையை ஒட்டினான்.

எங்கே உட்கார்வது? மர்பி டவுனிலிருந்து வரும் வழியெல்லாம் 'கண்ட்ரோல்' என்ற அந்த ஒரு வார்த்தைதான் அவள் காதைக் குடைந்துகொண்டிருந்தது.

சில பிள்ளைகளுக்குக் கவனம் நிற்காமல் போவதற்கு மூளையில் ஏதாவது அடையாளம் உண்டா என்று தேடுகிற டாக்டர்கள், போன மாதம் ஜூடித்தின் பள்ளிக்கு வந்து பிள்ளைகளைச் சோதித்துவிட்டுப் போனார்கள். நேற்று நாகேஷ் போனில் சொன்னான்: "உங்க பொண்ணு கண்ட்ரோல்ல வந்திருக்கா. கூட்டிட்டு வாங்க."

பள்ளியில் கேரல் மிஸ் மூன்று வருஷமாகப் பாடுகிற பாட்டும் அதேதான். "கண்ட்ரோலே இல்ல உங்க பொண்ணுக்கு. டாக்டருங்க சொல்லட்டும், அப்புறம் வேற ஸ்கூல் பாத்துக்கோங்க."

"மம்மி, இந்த சேர் சுத்துது!" ஜூடித் அதற்குள் ஏறிச் சுற்ற ஆரம்பித்திருந்தாள்.

மூலையில் ஒரு பையன் அமைதியாகப் படம் வரைந்துகொண்டிருந்தான். அவன் கையிலும் பச்சைப் பட்டை.

"அது யாரு?"

"டாக்டரம்மா பையன். அவனும் கண்ட்ரோல்தான்."

'பெத்த பிள்ளைக்கே கண்ட்ரோல் இல்லையாம், என் பிள்ளையைச் சொல்ல வந்துட்டாங்க!' ஆஞ்சலா உதட்டைச் சுழித்து, நாகேஷ் நீட்டிய சம்மதப் படிவத்தைத் தள்ளிவிட்டாள்.

டாக்டர் வீணா உள்ளே வந்தாள். "என்னம்மா, கையெழுத்து போட மாட்டீங்களா?"

"மாட்டேன். முதல்ல அந்தக் கண்ட்ரோல்ங்கிறதை அடிங்க. இவ ஓடுவா, குதிப்பா, ஆயிரம் கேள்வி கேப்பா. அது நோயில்ல. நோயாவே இருந்தாலும் இவ அதே ஸ்கூல்லதான் படிப்பா. எந்த மிஸ்ஸு வெளிய தள்ளுறாங்கன்னு நானும் பாக்கறேன்!"

"அடிக்க முடியாதும்மா. இங்க ரெண்டே வகைதான். கண்ட்ரோல் இல்லேன்னா கேஸ்."

"கேஸா?" ஆஞ்சலா துப்பட்டாவை இழுத்துச் செருகினாள். "போடுங்க! கேஸே போடுங்க! ஹைகோர்ட்டு கப்பன் பார்க்குலதானே இருக்கு? நடந்தே வர்றேன்!"

நாகேஷ் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். வீணா சிரிக்கவில்லை. ஆஞ்சலாவின் தோளில் கை வைத்தாள்.

"கேஸ்னா கவனம் நிக்காத பிரச்சனை இருக்கிற பிள்ளைங்கம்மா. அவங்களோட ஒப்பிட்டுப் பாக்க, அந்தப் பிரச்சனை இல்லாத பிள்ளைங்களும் வேணுமில்ல? அவங்களைத்தான் கண்ட்ரோல்னு சொல்றோம்."

ஆஞ்சலா, சுற்றிச் சுற்றிச் சிரிக்கிற மகளையே பார்த்தாள். பிறகு பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, போனைக் காதில் வைத்தாள்.

"கேரல் மிஸ்ஸா? டாக்டரே சொல்லிட்டாங்க. என் பொண்ணு கண்ட்ரோல்!"