அவிழ்த்த கவுளி

நூறு வெற்றிலை சேர்ந்தால் ஒரு கவுளி. குருவம்மா அதைக் கண்ணால் எண்ணுகிறவள் அல்ல. வாய் பக்கத்துக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். விரல்கள் தம் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போய் நூறாவது இலையில் தாமாக நிற்கும். புருஷன் கிணற்றில் விழுந்துவிட்டான் என்று ஆள் ஓடிவந்து சொன்ன அன்றைக்கும், கையிலிருந்த கவுளியை வாழைநாரால் கட்டி வைத்துவிட்டுத்தான் எழுந்து ஓடினாள். அந்தக் கட்டைக்கூட யாரும் பிரித்துப் பார்க்காமல்தான் வாங்கிப் போனார்கள்.

சந்தைக்குப் புதிதாக வந்த வியாபாரி அவள் கட்டிய கவுளியை அவிழ்த்து, ஒவ்வொரு இலையாக எண்ணினான். சுற்றியிருந்த பெண்களின் கைகள் நின்றுபோயின.

"சரியா நூறு இருக்குக்கா," என்று சிரித்தான். "இதே மாதிரி முப்பது கவுளி போடுங்க."

"நூறு வெத்தலை இருக்கும் தம்பி. ஆனா அது இனிமே கவுளி இல்ல."

அவன் கையிலிருந்ததை வாங்கி, அந்தப் பக்கமாக வந்த ஆட்டின் முன்னால் போட்டாள். ஆடு கடைசி இலைவரை தின்று முடித்தது. பிறகு மெதுவாக, "ஒரு கவுளி குடுங்கக்கா," என்றான்.

குருவம்மா விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தாள். விரல்கள் அடுக்கின, நின்றன, நாரைச் சுற்றின. ஈரமான கட்டு அவன் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

அவன் கட்டைவிரல் தானாக முடிச்சைத் தேடிப் போனது. சந்தையே அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தது, குருவம்மாவைத் தவிர.