கல்லறையில் ஒரு கடைக்குட்டி

எலிசபெத் ராணியின் காலத்தில், ஹார்கோம்ப் பிரபு உயிரோடிருக்கும்போதே தம் கல்லறையைச் செய்யச் சொல்லிவிட்டார். அக்கால வழக்கப்படி, அதன் பக்கவாட்டில் பிள்ளைகள் எல்லோரும் மண்டியிட்டிருப்பதுபோல் செதுக்குவார்கள். பெற்றோருக்கு முன்பே இறந்த பிள்ளையின் கையில் மண்டையோடு இருக்கும். பிரபுவுக்கு நான்கும் பெண்கள். ஆண் வாரிசு இல்லாததால், பட்டம் அவருடைய தம்பிக்குத்தான் போகும்.

வேலையைப் பார்க்க வந்த அவர் மனைவி தாமசின், பெண்களுக்கு அடுத்து ஒரு பையனின் உருவமும் மண்டியிட்டிருப்பதைக் கண்டார்.

"இது யாருய்யா?"

"உங்க கடைக்குட்டின்னு இவரே சொன்னாரு, சீமாட்டியம்மா. பொண்ணுங்களைப் பாத்துச் செதுக்கறப்போ இவரும் கூட வந்து உட்கார்ந்தாரு. மூக்கைப் பாருங்க, அப்படியே ஐயாதான்," என்றார் கல்தச்சர் கில்பர்ட்.

தாம் கருவுற்றிருப்பதைத் தாமசின் இன்னும் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

சிலையில் பையனின் கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"கையில என்ன வெச்சிருந்தான்?"

"நானும் கேட்டுப் பாத்துட்டேன். சிரிச்சாரே ஒழிய, காட்டவே இல்ல."