பூனை எங்கே?

மருமகளின் தாய்மொழி ஸ்பானிஷ். அவள் தன் அம்மாவுடன் போனில் பேசினாலே மாமியாருக்குச் சந்தேகம் வந்துவிடும். நம்மைப் பற்றித்தான் வத்தி வைக்கிறாள் என்று அவளாகவே முடிவு கட்டினாள். மூன்று மாதமாக யாருக்கும் தெரியாமல் செல்போனில் ஸ்பானிஷ் படித்தாள். வார்த்தைகளை எழுதிய நோட்டு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

இன்று மருமகளின் அறை ஜன்னலைத் துடைக்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னவாம்?" என்று கிசுகிசுத்தார் கணவர்.

"சூப் சூடா இருக்காம். 'பூனை எங்கே?'ன்னு அவங்கம்மா கேக்கறாங்க. 'நாற்காலிக்கு அடியில இருக்கு'ங்கிறா."

"அது மட்டும்தானா?"

"ஆமா. முன்னெல்லாம் மழை மாதிரி கொட்டுவா, ஒரு மண்ணும் புரியாது. இப்ப ஒரு வார்த்தை விடாம புரியுது. எல்லாம் நான் படிச்ச படிப்பு! ஸ்பீக்கர்ல வேற போட்டுப் பேசுறா, வசதியாப் போச்சு."

"அது சரி, நம்ம வீட்ல ஏது பூனை?"

"ஷ்ஷ், பேசாதீங்க. ஏதோ என்னைப் பத்தி சொல்றா."

மருமகள் நிறுத்தி நிதானமாகப் பேச, மாமியார் பெருமை பொங்க வரிக்கு வரி மொழிபெயர்த்தாள்.

"'அம்மா, இன்னைக்கு இது போதும். என் மாமியார் நல்லாப் படிக்கிறாங்க. நோட்டுல ரெண்டே தப்பு, நான் திருத்திட்டேன். நாளைக்கு நாம இறந்தகாலம் ஆரம்பிச்சிடலாம்'ங்கிறா."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.