முப்பத்தோராம் படம்

"படத்தை மட்டும் எடுத்துக்கிட்டு சிகரெட்டை இங்கனயே வச்சுட்டுப் போறியளே அண்ணாச்சி, இது என்ன கூத்து?" என்றார் கடைக்காரர் அகமது மீரான்.

ஐயம்பெருமாள் பிள்ளை, சிகரெட்டு வளையாமல் இருக்கப் பெட்டிக்குள் செருகியிருந்த சின்ன அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் ஒரு நாரை. பின்பக்கம் இங்கிலீஷில் நாலு வரியும் ஒரு நம்பரும். ஐம்பது பறவை சேர்ந்தால்தான் வரிசை முழுசாகும் என்று மீரான் விளக்கினார்.

"எனக்குப் புகை ஆகாது. படம் சேர்க்கலாம்னு பார்க்கேன். வேற ஆரும் சேர்க்காகளா?"

"ஒருத்தர் இருக்காரு. இப்பத்தான் இறங்கிப் போனாரு. படம் மாத்தணும்னா நானே மாத்தித் தாரேன், பேரைக் கேக்காதிய. ரெண்டு பேரையும் நேருக்கு நேர் நிறுத்திட்டா அப்புறம் தரகனுக்கு அங்கன என்ன சோலி?"

பேர் வேண்டாம் என்று பிள்ளை உடனே ஒத்துக்கொண்டார். அந்த ஒருத்தர் இறங்கிப் போகும்வரை பிள்ளை எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில் கால்மணி நேரம் நின்றதை மீரான் கவனிக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூன்றாம் வருஷத்துத் திருநெல்வேலியில், ஆற்றுப் பாலத்துக்கு மேற்கே இருந்த அந்தக் கடைக்கு இப்படி ஒரு வாடிக்கை அதுவரை வாய்த்ததில்லை. பிள்ளை விட்டுப்போகிற சிகரெட்டை மீரான் ஒன்றிரண்டாகச் சில்லறைக்குத் தள்ளினார். ஒரே பெட்டியை இரண்டு தடவை விற்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அந்த நன்றிக்காகவே மனம் விட்டுத் தொழில் சொல்லிக் கொடுத்தார். படத்தைக் கோந்து போட்டு ஒட்டாதிய, மாத்த முடியாமப் போயிரும். ஒரே படம் ரெண்டு வந்தா ஒண்ணை எடுத்து வைங்க, அதுதான் கைமுதல். எந்தப் படம் இல்லைன்னு மட்டும் மூச்சு விடாதிய.

சீடர் சரியில்லை. முதல் பேரத்திலேயே, ஒரு மீன்கொத்திக்கு அந்த ஆள் மூன்று படம் கேட்கிறார் என்று மீரான் சொல்லி வாயை மூடுவதற்குள், மடியிலிருந்து மூன்றை எடுத்துப் பலகையில் வைத்துவிட்டார் பிள்ளை.

மீரான் தலையில் அடித்துக்கொண்டார். "கேட்டவரு சும்மா ஆழம் பார்க்கக் கேட்டாரு வே. நீங்க இப்படித் தூக்கிக் குடுத்தா அவருக்கே சிரிப்பு வந்துரும்."

"வந்தா எனக்கு வந்து சொல்லும்," என்றார் பிள்ளை.

எட்டு மாதம் இப்படியே போயிற்று. திங்கட்கிழமைதோறும் பாளையங்கோட்டையிலிருந்து பாலத்தைத் தாண்டி நடந்து வருவார். மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளைகுட்டி இல்லை. வீட்டில் தன் கையாலேயே ஓர் ஆழாக்கு அரிசி பொங்கித் தின்றுவிட்டால், மறு திங்கள் வரை வாயைத் திறக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

படத்தைவிட ஆளைப் பற்றித்தான் பிள்ளை அதிகம் விசாரிக்கிறார் என்பது மீரானுக்குப் பையத்தான் உறைத்தது. என்ன சொன்னார், எந்த வார்த்தையில் சொன்னார், கோபமாகவா கேலியாகவா? ஒரு தடவை, "இருமல் தேவலையா?" என்று கேட்டுவிட்டார்.

"இருமல்னு நான் எப்பச் சொன்னேன்?"

"சிகரெட்டுப் பிடிக்குத ஆளுக்கு இருமல் இல்லாமலா இருக்கும்," என்று மழுப்பினார் பிள்ளை.

நாற்பத்தொன்பது சேர்ந்தது. முப்பத்தோராம் நம்பர் மட்டும் பாக்கி, மரங்கொத்தி. அந்த ஆளிடம் அது இரண்டு இருந்தும் தர மாட்டேன் என்றார். பேரம் இழுக்க இழுக்கப் பிள்ளையின் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

ஒரு திங்கட்கிழமை மீரான் வழக்கமான சிரிப்பைக் காட்டவில்லை.

"காரியம் கெட்டுது அண்ணாச்சி. நேத்து வந்திருந்தாரு. கொழும்புல கடை வச்சிருக்க மகன் இவரை அங்கனயே கூப்பிட்டுக்கிட்டானாம். வெள்ளிக்கிழமை தூத்துக்குடியில கப்பல். இனி வரமாட்டாரு."

பிள்ளை அங்கே கிடந்த மண்ணெண்ணெய்த் தகரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். நல்ல துண்டு அழுக்காகிறதே என்று மீரான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. எதையாவது கேட்க வேண்டுமே என்பதுபோல், "படம்?" என்றார்.

"தரகன் கையில தரமாட்டாராம். வேணுங்கிறவன் வீட்டுக்கு வந்து வாங்கிக்கிடட்டும்ங்காரு."

மடியிலிருந்த படக்கட்டைப் பிள்ளை எடுத்தார், திரும்ப வைத்தார், மறுபடி எடுத்தார். "வீடு எங்கயாம்?" என்று ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

மீரான் தாடியைச் சொறிந்தார். "அதைத்தான் நானும் கேட்டேன், தெருப் பேரையாவது சொல்லுங்கன்னு. அவரு சிரிச்சுட்டாரு அண்ணாச்சி. 'ஒரு படத்துக்கு மூணு படத்தைத் தூக்கிக் குடுக்குத ஆளு இந்த ஜில்லாவுலயே ஒருத்தன்தான். கோலி விளையாடுத வயசுலயே அவன் அப்படித்தான். வீட்டைப் பாகம் பிரிச்சு, பதினோரு வருசமா நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் பேசாம இருக்கான் என் தம்பி. அவனுக்கு நீரு வழி சொல்ல வேண்டாம்வே' அப்படின்னாரு."

ஆளைத் தெரிந்துகொண்டே வேஷம் போடுவது தான் ஒருவன்தான் என்று எட்டு மாதமாக நம்பியிருந்த ஐயம்பெருமாள் பிள்ளை, அன்றைக்குச் சிகரெட்டோடு நாற்பத்தொன்பது படங்களையும் பலகையிலேயே விட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் பாலத்தில் ஏறினார்.