சட்டைப்பையில் பேட்டரி

ராஜபாளையத்துக்குக் கார்டுலெஸ் போன் வந்த புதிது. பரிபூரணத்தின் வீட்டுப் போனில் சார்ஜ் நிற்கவில்லை. அவள் பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, அது தொடும் தகடுகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினாள். சரியாகிவிட்டது.

கணவன் காசிராஜன் மெச்சவில்லை. “ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்க ஒங்கக்காகிட்ட பேசிப் பேசியே சார்ஜத் தீத்திருக்க” என்று பேட்டரியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மில்லுக்குக் கிளம்பினான்.

“சாவியோட போடாதிய. உரசுனா சூடாகும்” என்றாள். அவ்வளவு ஆத்திரத்திலும் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. அக்காவிடம் அவள் பேசியே மாதக்கணக்காகிறது.

மத்தியானம் போன் வைக்கும் பெட்டியில், யாராவது பேசினால் மட்டும் எரியும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேட்டரி இல்லாத போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

“அக்கா, இந்த மனுசன் பேட்டரிய உருவிட்டுப் போயிட்டாரு. போனு கெட்டாலும் நாந்தான் காரணமாம்.”

போனுக்குள் கேட்டது அவளுடைய குரல்தான். அந்தப் பக்கம் அக்கா உம் கொட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்று பந்தியில் நடந்ததில் தொடங்கி, அவள் யாரிடமும் சொல்லாததையெல்லாம் அந்தக் குரல் சொல்லிக்கொண்டே போயிற்று.

பரிபூரணம் நின்றபடியே கடைசிவரை கேட்டாள். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.