கம்பளிக்குத் தீட்டில்லை

சால்வையைப் பிழியக் கூடாது. துண்டுக்குள் வைத்துச் சுருட்டி, அமுக்கி அமுக்கி ஈரத்தை எடுக்க வேண்டும்.

அவள் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

பச்சைத் தண்ணீர். குன்னூர்க் குளிரில் விரல்கள் மரத்துப்போயிருந்தன. வெந்நீர் பட்டால் கம்பளி சுருங்கிக் குழந்தைச் சட்டை அளவுக்கு வந்துவிடும் என்று மாமி முதல் நாளே எச்சரித்திருந்தாள். மாமா காஷ்மீரில் வாங்கி வந்த சால்வை. மாமா போய் ஆறு வருடம்.

அந்த வீட்டில் அவள் துவைக்க வந்து பதினொரு வருடம். அவள் அலசிக் கொடியில் போடும் புடவைகள்மேல் மாமி மறுபடி ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவாள். அவள் தொட்டாளே, அதற்கு.

சால்வைக்கு மட்டும் ஊற்றுவதில்லை.

"கம்பளிக்குத் தீட்டு கிடையாதுடி, பாக்கியம்." ஏதோ வரம் கொடுப்பதுபோலச் சொல்வாள்.

ஆட்டு மயிருக்கு இருக்கும் மரியாதை தனக்கில்லையே என்று அவளுக்கு வயிறு எரியும்.

சால்வையை நிழலில், பலகைமேல் விரித்தாள்.

கொடிப் பக்கம் தொப்பென்று சத்தம்.

ஓடினாள். புடவைகளுக்குக் கீழே மாமி கிடந்தாள். வாளி உருண்டு கிடந்தது. ஊற்றிய தண்ணீரிலேயே வழுக்கியிருக்கிறாள். இடுப்பில் அடி. எழுந்திருக்க முடியவில்லை.

அவள் குனிந்து கையை நீட்டினாள்.

"தொடாதே! குளிச்சு மடியா இருக்கேன்." வலியிலும் குரல் கணீரென்றுதான் இருந்தது. "அந்தச் சால்வைய எடுத்துண்டு வா. அதை என்மேல சுத்திப் பிடிச்சுத் தூக்கு."

நீட்டிய கை அப்படியே நின்றது.

"இப்பத்தான் துவைச்சேன் மாமி. ஈரத்தோட பிடிச்சு இழுத்தா உருமாறிப் போயிரும். நீங்க சொன்னதுதான்."

உள்ளே அலமாரியில் வேறு கம்பளி இருந்தது. எடுக்க வேண்டுமானால் பாக்கியம் கால் வைக்கக் கூடாத சமையலறையைத் தாண்ட வேண்டும். போய் எடுத்து வா என்று சொல்ல மாமிக்கு வாய் வரவில்லை.

மேகம் இறங்கித் தோட்டத்தை மூடியது. மாமிக்குப் பற்கள் தந்தியடித்தன.

மாமி சால்வையைப் பார்த்தாள். அவள் கையைப் பார்த்தாள்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு, தன் கையைக் கொடுத்தாள்.

எலும்பும் தோலுமான உடம்பு. தோளில் சாய்த்து, மெல்ல நடத்தி வந்து, பின்வராந்தா நாற்காலியில் உட்காரவைத்தாள். பாவமாகத்தான் இருந்தது. இடுப்பைப் பிடித்துவிடட்டுமா என்று கேட்க வாயெடுத்தாள்.

"வெந்நீர் போடு," என்றாள் மாமி. "தலையோட குளிக்கணும்."



பாக்கியம் வெளியே இருந்த வெந்நீர் அடுப்பில் சுள்ளியைத் திணித்தாள். தவலையில் இருந்த தண்ணீரும் காலையில் அவள் பிடித்து நிரப்பியதுதான். மாமிக்கு அது ஞாபகம் வரவில்லை.

தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

சொம்பில் மொண்டாள். மாமியைத் தாண்டி நடந்தாள்.

பலகைமேல் சால்வை விரித்தபடி இருந்தது.

"பாக்கியம்! அங்க எங்கடி போறே? அதுக்குத்தான் தீட்டு கிடையாதேடி!"

"தெரியும் மாமி," என்றாள்.

சொம்பைச் சாய்த்தாள்.