முதல் பரிசுக் குழந்தை

தூத்துக்குடிக் கடற்கரைப் பந்தலில் குழந்தை வாரம் நடக்கிறது. உப்புக்காற்று வரவேற்புத் துணியை முறுக்கி, தலைவரின் பெயரை மட்டும் படிக்க விட்டிருக்கிறது. அவருக்கு அதுவே போதும். மேடையில், பஞ்சு வியாபாரி ஆறுமுகநயினாரின் மகன் தராசுத் தட்டில் கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கிறான். முதல் பரிசு அவனுக்குத்தான். "தாய்மார்களே, ஆரோக்கியம் வளர்ப்பில் இருக்கிறது. இந்தத் தாயைப் பாருங்கள்!" என்று தலைவர் முழங்க, பட்டுப்புடவை அம்மாள் நாணத்தோடு தலை குனிகிறாள். பிள்ளையோ மேடைக்குக் கீழே நிற்கும் பேராச்சியைப் பார்த்துக் கைநீட்டி வீறிடுகிறது. அதற்குத் தாய்ப்பால் கொடுக்கச் சம்பளத்துக்கு அமர்ந்தவள் அவள். அவள் பெற்ற பிள்ளை அவளுடைய தோளில் துவண்டு கிடக்கிறது.

"ஏளா, இவன் அழுவுதாம்லா, ஓடியா!" என்கிறாள் அம்மாள்.

"இதுக்கு ஒரு வாய் குடுத்துட்டு வாரேம்மா. காலையில இருந்து வெறும் வயிறு."

"மொதல்ல இவனுக்கு. மிச்சம் இருந்தா அதுக்கு."

பேராச்சி தன் பிள்ளையை மணலில் கிடத்திவிட்டு மேடையேறுகிறாள். யுத்தகாலத்தில் கடையில் கிடைக்காத பால்பவுடர் டின் ஒன்றை அம்மாள் பரிசாக வாங்கிக்கொள்கிறாள். கைதட்டல் பந்தலை அதிர வைக்கிறது. மணலில் கிடக்கும் பிள்ளை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. தலைவர் குனிந்து பார்த்துப் பூரித்துப் போகிறார்.

"அடடா, அழவே இல்லையே! என்ன சமர்த்து!"